மீன்முள் துணியும் நூலக்காவின் வலது கண்ணும்

அந்தக் கோட்டுக் கடையில் அவளுக்குப் பெயர் நூலக்கா. அவள் தையல் நூல் பிடித்த மாதிரி இருக்கிறது என்று கட்டிங் மாஸ்டர் எப்போதோ ஒரு தரம் சொல்லிவிட்டார். மாஸ்டர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது அத்தி பூத்தாற்போல என்பதால் மற்றவர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. கடையில் பாதிப் பேர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

கடை என்றால் பெரிய கடை ஒன்றும் இல்லை. முன்னால் ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே துணி வெட்டுகிற நீள மேசை, ஐந்து தையல் மிஷின், மூலையில் புஸ் புஸ் என்று ஆவி விடுகிற இஸ்திரிப் பெட்டி. ஜன்னலோரத்து மிஷின் நூலக்காவுடையது. அதற்கு அடுத்தது அவளுடைய நாத்தனாருடையது. கல்யாணம் கில்யாணம் எல்லாம் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டு அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டவள் அந்த நாத்தனார். வீட்டில் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். துவைத்த துணியை மடிப்பதில்கூட ஒத்துப்போகாது. கடைக்கு வந்துவிட்டால் மட்டும் ஒருத்தியின் நூல் பாபினை இன்னொருத்தி கேட்காமலே எடுத்துக்கொள்கிற அளவுக்கு ஒட்டுறவு. இது எப்படி என்று நூலக்காவின் வீட்டுக்காரருக்குக் கடைசி வரை புரியவில்லை. அவர் பார்சல் வேன் ஓட்டுகிறவர், வெள்ளந்தி மனிதர்.

அந்த வருஷம் குளிர் தொடங்கும் முன்னால் ஒரு ஆர்டர் வந்தது. ஒரு ஹோட்டல் வாசலில் நிற்கிற ஆட்கள் அத்தனை பேருக்கும் நீளக் கோட்டு. துணி, மீன்முள் துணி. மீனைத் தின்று முடித்த பிறகு தட்டில் நடு எலும்பும் இரண்டு பக்கமும் சாய்ந்த முள்ளுமாகக் கிடக்குமே, அதையே சாம்பலும் கறுப்புமான கம்பளி நூலில் வரிசை வரிசையாக நெய்து வைத்த துணி. பார்க்க லட்சணம், தைக்கச் சனியன்.

ஏன் சனியன் என்றால், கோட்டின் முதுகு இரண்டு துண்டு. இரண்டையும் நடுவில் சேர்த்துத் தைக்கிறபோது, இடது துண்டின் முள் சாய்ந்து வந்து முடிகிற அதே இடத்தில் வலது துண்டின் முள் எதிர்ச் சாய்வில் தொடங்க வேண்டும். கழுத்திலிருந்து முழங்கால் வரை ஒவ்வொரு முள்ளும் இப்படிக் கூட வேண்டும். மிஷின் ஓடும்போது மேல் துணி கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவும், கீழ்த் துணி பின்தங்கும். ஒரு முள் தப்பினால் போதும், அதற்குக் கீழே இருப்பதெல்லாம் தப்பு. வெற்றுத் துணியில் இது யார் கண்ணுக்கும் படாது. மீன்முள்ளில் ஊருக்கே தெரியும்.

மாஸ்டர் யோசிக்கவே இல்லை. முதுகெல்லாம் நூலக்காவுக்கு என்று தூக்கி வைத்துவிட்டுப் போனார். அவள் மேசையில் மலையாகக் குவிந்தால் ஒன்றிரண்டை நாத்தனார் பக்கம் தள்ளிவிடுவாள், அவ்வளவுதான். யார் தைத்தாலும் நூலக்கா ஒரு பார்வை பார்த்த பிறகுதான் முதுகு இஸ்திரிக்குப் போகும்.

தொடங்கிய புதிதிலேயே ஒரு நாள் காலை, குண்டூசி குத்திக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். முள் வரிசை நடுவில் ஒரு இடத்தில் வளைந்திருந்தது. நெசவு இழுத்திருக்கிறது என்று நினைத்தாள். துணியைத் தட்டிப் பார்த்தாள், நீவிப் பார்த்தாள், வேறொரு துண்டை எடுத்துப் பார்த்தாள். அதிலும் வளைவு. கோபம் வந்துவிட்டது. இவ்வளவு விலை உயர்ந்த துணியை இப்படியா நெய்து அனுப்புவார்கள் என்று மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

மாஸ்டருக்குத் துணியைக் குறை சொன்னால் பிடிக்காது. வெட்டியவர் அவர் அல்லவா. இரும்பு அடிக்கோலைக் கொண்டுவந்து வரிசையோடு ஒட்டி வைத்தார். எங்கே வளைகிறது, கை வை என்றார்.

நூலக்கா வளைவின் மேல் விரலை வைத்தாள். வைத்துவிட்டு, சரியாகத்தான் வைத்தோமா என்று கொஞ்சம் மேலே பார்த்தாள். வளைவு மேலே வந்துவிட்டது. கீழே பார்த்தாள். கீழே வந்தது. அவள் எங்கே பார்த்தாளோ அங்கே வந்து நின்றது. துணியில் இருக்கிற கோளாறு துணியோடு கிடக்கும், ஆள் பார்க்கிற இடமெல்லாம் கூடவே வராது. அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

வெளிச்சத்தில் அப்படித் தெரிந்துவிட்டது மாஸ்டர் என்றாள். நூலக்காவுக்கே கோணல் தெரிந்தால் நாமெல்லாம் கடையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான் என்று மாஸ்டர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு நூல் கண்டு எடுப்பது போல எழுந்து, தொங்குகிற கோட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தாள். இடது கண்ணுக்கு முள் முள்ளாக இருந்தது. வலது கண்ணுக்கு, நடுவில் யாரோ கட்டை விரலால் தேய்த்துவிட்ட மாதிரி ஒரு மங்கல், அதைச் சுற்றி எல்லா வரிசையும் நெளிந்துபோய்க் கிடந்தது. ஊசியில் நூல் கோர்க்கிற கண் அதுதான்.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அம்மாவுக்கு இப்படித்தான் தொடங்கியது. ஓரம் எல்லாம் தெரியும், நடு மட்டும் தெரியாது. எதிரே வருகிறவரின் செருப்பு தெரியும், முகம் தெரியாது. தெருவில் பார்த்தும் பேசாமல் போகிறாள், திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினாள். தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல அம்மாவுக்கு வெட்கம், அதனால் திமிர் என்ற பெயரையே வைத்துக்கொண்டாள். ஒரு நாள் நூலக்கா வேலைக்குப் போய்விட்டு வீட்டுக்குள் நுழைகிறாள். வாசலுக்கு நேராக உட்கார்ந்திருந்த அம்மா அவள் முகத்தையே பார்த்து, ரொம்ப மரியாதையாக, "யாருங்க, யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாள். பெற்ற மகளை. அதற்குப் பிறகு எந்த டாக்டராலும் எதுவும் செய்ய முடியவில்லை. நூலக்காவைப் பார்க்கிற சொந்தக்காரர்கள் எல்லோரும் அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள் என்பார்கள். அது வரை அந்தப் பேச்சு அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பயத்தில் இருக்கிறவளுக்கு அது அவ்வளவு எளிதில்லை. போய்ப் பார்த்தால் டாக்டர் ஒரு பெயர் சொல்லுவார். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். சொல்லாத வரைக்கும் தூசி, தூக்கமின்மை, வயசு என்று எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னல் கம்பியைப் பார்ப்பாள். இடது கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கம்பி, அடுத்த கம்பி. நேற்றைவிட அதிகமாக வளைந்திருக்கிறதா, அதே அளவுதானா. ஜன்னலில் அப்படி என்ன தெரிகிறது என்று வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டார். மழை வருமா என்று பார்க்கிறேன் என்றாள். அவரும் வந்து பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, வராது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதரை ஏமாற்றுவது குழந்தையை ஏமாற்றுவது மாதிரி, அதுவும் அவளுக்கு வலித்தது.

கடையில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வலது கண்ணை இடுக்கி, இடது கண்ணால் மட்டும் தைத்தாள். கேட்டால் கழுத்து வலி. வரிசை திரும்புகிற இடத்தில் கம்பளி மெல்லிசாக மேடு தட்டும். நகத்தால் அதைத் தடவிக் கண்டுபிடித்துக் குண்டூசி குத்தினாள். ஒரு முதுகு தைக்கிற நேரத்தில் முன்பெல்லாம் இரண்டு தைப்பாள். கழுத்து வியர்த்து ஊற்றும். நல்ல கண்ணும் இப்படி உழைத்து உழைத்துப் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு புதிதாகச் சேர்ந்துகொண்டது. தேநீர் குடிக்கிறபோதுகூட டம்ளரை மேசை விளிம்பில் வைத்துக் கொட்டிவிட்டாள். நாத்தனார் பேசாமல் துடைத்தாள். வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தினாலே மூச்சு விடாமல் பேசுகிறவள் அவள்.

பிறகு அது நடந்தது. மத்தியானத்துக்கு மேல், அசதியில், நூலக்கா வலது கண்ணை இடுக்க மறந்துவிட்டாள். தைத்து முடித்த முதுகை விரித்துப் பார்த்தால், நடுவில் முள் ஒதுங்கி வளைந்திருக்கிறது. எப்படித் தப்பியது என்று பதறி, தையலைப் பிரித்தாள். துணியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, கண்ணுக்கு நேராக வருகிற வரைக்கும் குண்டூசி மாற்றி மாற்றிக் குத்தி, மறுபடி தைத்தாள். இப்போது நேராக இருந்தது. நிம்மதியாக இஸ்திரிக்கு அனுப்பினாள். சரியாக இருந்ததைப் பிரித்துத் தப்பாகத் தைக்க, அப்படித் தைத்துவிட்டுச் சந்தோஷப்பட, நூல் பிடித்தாற்போலத் தைக்கிறவளால்தான் முடியும்.

சாயங்காலம் மாஸ்டர் அந்த முதுகைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நேராக நாத்தனாரின் மிஷினுக்குப் போனார். நூலக்காவிடம் இப்படி ஒரு தப்பு வரும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. இதைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறவனைப் பார்த்தால் கூன் விழுந்தவன் என்றுதான் நினைப்பார்கள், இத்தனை வருஷமாக இங்கே என்ன கிழித்தாய் என்று எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லுகிற நாத்தனார் வாயே திறக்கவில்லை. ஒரே ஒரு தரம் திரும்பி நூலக்காவைப் பார்த்தாள்.

நூலக்கா அப்போது சொல்லியிருக்க வேண்டும். குனிந்து பாபினை மாற்றினாள், நூல் தீராத பாபினை. நாத்தனார் அந்த முதுகைப் பிரித்து, முதலிலிருந்து தைத்துக் கொடுத்தாள்.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். மருந்துக் கடை தாண்டி, தெரு திரும்புகிற இடத்தில் நாத்தனார் நின்றாள்.

"அண்ணி, எந்தக் கண்ணு?"

எந்தக் கண் என்றால் என்ன அர்த்தம், கண்ணுக்கு என்ன என்று நூலக்கா சண்டைக்குப் போகிற குரலில் கேட்டாள். குரல் நடுவில் உடைந்துவிட்டது. கோழி தானியம் பார்ப்பது மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு தைப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், கழுத்து வலிக்காரி ஒருத்தியும் கண்ணை இடுக்க மாட்டாள் என்றாள் நாத்தனார். அண்ணனிடம் சொல்லவில்லை, மாஸ்டரிடமும் சொல்ல மாட்டேன், ஆஸ்பத்திரிக்கு மட்டும் வந்துவிடுங்கள் என்றாள். நூலக்கா தெருவிலேயே நின்று அழுதாள். பயமாக இருக்கிறது என்று முதல் முதலாக அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னாள்.

கண் ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு இளம் பெண் சோதித்தாள். கண் சரியில்லை என்று அவள் சொல்லுகிறவர்கள்தான் உள்ளே பெரிய டாக்டரிடம் போக வேண்டும். மற்றவர்களுக்குக் கண்ணாடிச் சீட்டு. நாத்தனாரை வெளியே உட்கார வைத்துவிட்டு நூலக்காவை மட்டும் கூப்பிட்டார்கள்.

உள்ளே போனதும் பயம் அவள் மூளையைக் கையில் எடுத்துக்கொண்டது. இடது கண்ணால் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னபோது வாசித்தாள், வாசிக்கிறபோதே மனப்பாடம் செய்தாள். வலது கண் முறை வந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டாள். பிறகு அந்தப் பெண் ஒரு அட்டையைக் காட்டினாள். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்ட அட்டை, நடுவில் ஒரு புள்ளி. வலது கண்ணால் புள்ளியைப் பார்க்கச் சொல்லி, கோடெல்லாம் நேராக இருக்கிறதா என்று கேட்டாள்.

புள்ளியே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தைச் சுற்றிக் கோடுகள் உள்ளே இழுத்துச் சுருங்கிக் கிடந்தன. ஆனால் கட்டம் என்றால் கோடு நேராகத்தான் இருக்கும், அது அவளுக்குத் தெரியாதா என்ன.

நேராக இருக்கிறது என்றாள்.

கண்ணாடிச் சீட்டோடு வெளியே வந்தாள். ஒன்றும் இல்லையாம், வயசுதானாம் என்று சிரித்தாள். நாத்தனார் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாடா. அப்ப அந்த முதுகை நான்தான் ஏனோதானோன்னு தைச்சிருக்கேன் போல. மாஸ்டர் திட்டினதுல தப்பே இல்ல. வீணா உங்க மேல சந்தேகப்பட்டுட்டேன் அண்ணி, மனசுல வச்சுக்காதீங்க."

நூலக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். எந்தச் சண்டையிலும் தன் பக்கத்தை விட்டுக்கொடுக்காதவள், உப்புக் குறைந்தது யாரால் என்று அரை நாள் வாதாடுகிறவள், செய்யாத தப்பை இப்படிச் சந்தோஷமாக வாங்கி மடியில் கட்டிக்கொள்கிறாள். கண் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம் இருக்கத்தான் இருந்தது. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அதைவிடப் பயமாக இருந்தது.

திரும்பி உள்ளே போனாள். வரிசையில் நின்றவர்கள் என்னம்மா, என்னம்மா என்றதை அவள் காதில் வாங்கவில்லை.

"அந்த அட்டையை இன்னொரு தடவை காட்டும்மா. கோடெல்லாம் நெளியுது. நடுவுல புள்ளியே இல்ல. நேராத்தான் இருக்கணும்னு எனக்குத் தெரியும், அதனால நேரா இருக்குன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பெண் அவளைத் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, எழுந்து வேகமாக உள் அறைக்குப் போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பெரிய டாக்டர் கண்ணில் சொட்டு விட்டு, விளக்கு அடித்து, படம் எடுத்துப் பார்த்தார். கண்ணின் பின்புறத்தில் ஒரு இடத்தில் ரத்தக் குழாய் கசிகிறது என்றார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நடுப் பார்வை மொத்தமாகப் போயிருக்கும். ஊசி போட்டால் மேற்கொண்டு பரவாமல் நிறுத்தலாம், போனது எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது. அவள் அம்மாவைப் பற்றிச் சொன்னதும், அந்தக் காலத்தில் இந்த மருந்து இல்லை என்றார். ஊசியைக் கையில் போடுவீர்களா, இடுப்பிலா என்று நூலக்கா கேட்டாள். கண்ணுக்குள்தான் என்றார்.

ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆயுசு முழுக்க ஊசிக்குக் கீழே துணியைத் தள்ளிக்கொண்டிருந்தவளை மேசையில் படுக்க வைத்து, இமையை மூட முடியாதபடி கம்பி மாட்டி, அசையக் கூடாது என்றார்கள். அவள் போர்வையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, விரலிடுக்கில் அதன் தையலை நெருடிக்கொண்டே கிடந்தாள். ஒரு அழுத்தம். கறுப்புக் கறுப்பாக ஏதோ நீந்தியது. முடிந்தது, எழுந்திருங்கள் என்றார்கள். அடுத்த மாதமும் வர வேண்டும், அதற்கடுத்த மாதமும். இடது கண்ணை விடாமல் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் அன்றைக்கே சொன்னார்கள். அவர் எதிரே வந்து உட்கார்ந்து, என் மூஞ்சி தெரிகிறதா என்று கேட்டார். அவள் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். மூக்கும் கண்ணும் இருந்த இடம் கரைந்துபோயிருந்தது. மீசை தெரிகிறது என்றாள். அவர் மீசையைத் தடவிவிட்டுக்கொண்டு எழுந்து போனார். பின்பக்கக் குழாயடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

ஊசி போட்ட கண்ணில் சிவப்பு அடங்கிய பிறகு கடைக்குப் போனாள். காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். அவள் வராத நாட்களில் முதுகெல்லாம் நாத்தனார்தான் தைத்திருந்தாள். மாஸ்டர் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, நூலக்கா முன்னால் விரித்துப் பிடித்தார். நீ ஒரு பார்வை பார்த்துவிட்டால் இஸ்திரிக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

நாத்தனார் தலை நிமிரவில்லை. மிஷின் சக்கரத்தின் மேல் கை அப்படியே நின்றது. நேராக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜன்னலோர மிஷின், முதுகுத் துண்டு, நூலக்கா என்ற பெயர், எல்லாம் அப்படியே இருக்கும்.

"எனக்குக் கோணலாத்தான் தெரியுது மாஸ்டர். துணி நேராத்தான் இருக்கும், என் கண்ணுதான் கோணல். அன்னைக்குக் கூன் விழுந்த முதுகுன்னு கொண்டுவந்தீங்களே, அது நான் தைச்சது. இவளைப் போட்டுத் திட்டிட்டீங்க, நானும் பாத்துக்கிட்டு இருந்தேன்."

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். எவ்வளவு நாளாக என்று மாஸ்டர் கேட்டார். துணி வந்ததிலிருந்து என்றாள். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். வேலையை விட்டுப் போ என்று சொல்லப்போகிறார் என்று அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மாஸ்டர் அவள் மேசையில் இருந்த முதுகுத் துண்டுகளை இரண்டு கையாலும் அள்ளி, அவள் முகத்தைப் பார்க்காமல், நாத்தனார் மேசையில் கொண்டுபோய் வைத்தார். இனிமேல் முதுகு நீ என்றார் நாத்தனாரிடம். மன்னிப்புக் கேட்பது என்றால் அவருக்கு அவ்வளவுதான் வரும். பிறகு கோட்டின் உள்பக்கம் கொடுக்கிற உள்துணிக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து நூலக்கா முன்னால் வைத்து, இதில் கோடு கிடையாது, கண்ணைப் போட்டு வதைக்காமல் தை என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

வழவழவென்ற கறுப்புத் துணி. எங்கே பார்த்தாலும் ஒன்றும் இல்லாத துணி. அதைத் தொட்டபோது நூலக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

பக்கத்து மிஷின் ஓடவில்லை. நாத்தனார் முதல் முதுகை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, எனக்குப் பயமா இருக்கு. இதுவரைக்கும் தப்பா இருந்தா நீங்க பாத்துச் சொல்லுவீங்கன்னு நெனச்சுத்தான் தைச்சேன்."

"பயந்துக்கிட்டே தை," என்றாள் நூலக்கா. "நானும் இத்தனை வருஷமா அப்படித்தான் தைச்சேன்."